நாற்பத்தெட்டாயிரத்தில் ஓடிய குரல்

“அதெல்லாம் ஆட்டோமேட்டிக்ல விட்டுடலாம்க்கா, அதுவே பாத்துக்கும்” என்றாள், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண். கல்யாண வீடியோ ஒன்றைச் செல்போனில் பார்க்கிற மாதிரி மாற்றிக்கொண்டிருந்தாள். பண்டிகைக்குப் பலகாரம் கொடுக்கப் போன நான், “சவுண்டு எத்தனையில வைக்கறே?” என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இன்றைய போன்கள் எதைக் கொடுத்தாலும் விழுங்குகின்றன. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை அந்தப் பதில் என்னை விடவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் நான் சோறு தின்றது அந்த ஒரு கேள்வியைக் கேட்டுத்தான். அதைக் கேட்காமல் விட்ட யாரோ ஒருவரால் ஒரு வீட்டில் என்ன ஆயிற்று என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவளிடம் சொல்ல மனசு வரவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் செல்வி. தருமபுரியில் ஒரு மாடியறையில் இருந்த வீடியோ மிக்ஸிங் யூனிட்டில் வேலை பார்த்தேன். நல்லம்பள்ளி, பென்னாகரம் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் எடுத்த கல்யாணக் கேசட்டுகள் எங்களிடம்தான் வரும். வெட்டி, ஒட்டி, பாட்டு ஏற்றி, சிடி போட்டுக் கொடுப்போம். டைப்ரைட்டிங் முடித்தேன், சேலத்தில் போய்க் கம்ப்யூட்டர் கற்றேன், ‘பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் ஒரு வேலையா’ என்று ஊரே கேட்டது, சேர்ந்தேன். நான் கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். அதை நீட்டினால் எனக்கே கொட்டாவி வரும்.

யூனிட்டின் முதலாளி இக்பால் பாய். ஒல்லியான மனுஷர். கோபம் வந்தால் கத்தமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நான் செய்த வேலையை முதலிலிருந்து சரிபார்ப்பேன்.

செல்போனில் படம் பார்க்கலாம் என்று வந்த புதிதில், ஜனங்கள் சிடியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் ஓடிவந்தார்கள். கட்டை விரல் நகம் அளவு மெமரி கார்டு. அதற்குள் முழுக் கல்யாணமும் அடங்க வேண்டும். படத்தைச் சுருக்குவது எல்லோருக்கும் தெரியும். சத்தத்தைச் சுருக்குவதில்தான் சூட்சுமம். சத்தத்தைக் கம்ப்யூட்டர் தொடர்ச்சியாக எழுதுவதில்லை. ஒரு விநாடிக்கு இத்தனை தடவை என்று எட்டி எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. எத்தனை தடவை என்பதுதான் சாம்பிளிங் ரேட். எண்ணாயிரம் தடவை பார்த்தால் பேச்சு புரியும், இடமும் கொஞ்சமாகப் பிடிக்கும். ஆனால் ‘ஸ’வும் ‘ஷ’வும் மங்கிப்போகும், கொலுசுச் சத்தம் காணாமலே போய்விடும். இருபத்தீராயிரம் வைத்தால் பாட்டு தேவலை. நாற்பத்து நாலாயிரத்து நூறு என்பது சிடியின் கணக்கு. நாற்பத்தெட்டாயிரம் என்பது கேமரா கேசட்டின் கணக்கு. கூட வைக்க வைக்கச் சத்தம் துலங்கும். ஆனால் மட்டமான போன் திணறித் திணறி நின்றுவிடும்.

ஆகவே பாய் ஒரு முறை வைத்திருந்தார். கார்டை மட்டும் கொடுத்தால் வாங்கமாட்டார். “போனக் குடுங்க” என்பார். தன் சோதனை கார்டை அதில் போடுவார். அதில் ஒரே நாதஸ்வரத் துண்டு நாலு ரேட்டில் இருக்கும். ஒவ்வொன்றாக ஓட்டி, அந்தப் போன் திணறாமல் ஓட்டுகிற உச்ச ரேட் எதுவோ அதையே வைக்கச் சொல்வார். முடிந்ததும் கம்ப்யூட்டரில் கேட்டுப்பார்த்து அனுப்பக்கூடாது. வாடிக்கையாளரின் போனிலேயே போட்டு, அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். “போனைப் பாக்காதம்மா, அவங்க மூஞ்சியப் பாரு. தப்பிருந்தா அதுல தெரியும்” என்பார்.

சித்தேரியிலிருந்து ஒரு அம்மாள் வந்தது எனக்கு மறக்காது. மலைமேல் நடந்த கல்யாணத்தில் பெண்கள் சேர்ந்து பாடியதை யாரோ எண்ணாயிரத்தில் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மாள் போனை என் மேஜைமேல் வைத்து, “ஏங்க, எங்கூருப் பொண்ணுங்க அத்தனை பேருக்கும் ஒரே நாள்ல பல்லு கொட்டிப்போச்சுங்களா?” என்று கேட்டாள். ‘ஸ’ என்கிற சத்தமெல்லாம் காற்றாகப் போயிருந்தது. பாய் சிரித்தே பார்த்திராத நான் அன்றைக்குப் பார்த்தேன். அவள் கொண்டுவந்த சிடியிலிருந்து மறுபடி எடுத்து, படத்தை இன்னும் சின்னதாக்கிவிட்டு அந்த இடத்தைச் சத்தத்துக்குக் கொடுக்கச் சொன்னார். “கண்ணு பொறுத்துக்கும்மா. காது பொறுக்காது.” அந்த அம்மாள் கேட்டுவிட்டு, “இப்ப பல்லு மொளைச்சிடுச்சு” என்று சொல்லிக் கிளம்பினாள்.

இப்படிச் சிரித்த நாட்கள் நிறைய. நினைத்தால் தூக்கம் கெடுகிற நாள் ஒன்றே ஒன்று.

அதற்கு முன் எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். கல்யாண வீடியோவில் மணப்பெண்ணின் குரல் இருக்காது. கேமராவில் பதிவான பேச்சை எல்லாம் துடைத்துவிட்டு மேலே பாட்டை ஏற்றிவிடுவோம். தாலி கட்டும்போது மட்டும் மேளம். பெண் அன்றைக்குப் பேசிய ஒரு வார்த்தைகூட மிஞ்சாது. கோயிலில் நடக்கும் கிறிஸ்தவக் கல்யாணம் மட்டும் விலக்கு. அங்கே சாமியார் முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் மைக்கில் வாயைத் திறந்து வாக்குறுதி சொல்லியாக வேண்டும். “அதும் மேல பாட்டு ஏத்தினா கை ஒடிச்சுடுவேன்” என்று பாய் சொல்லியிருந்தார். ஐந்து வேளை தொழுகிற மனுஷர், ஆனால் அந்த விஷயத்தில் எந்தச் சாமியாரைவிடவும் கண்டிப்பு.

நான் வேலையை விடுவதற்குச் சில வருஷம் முன்பு, ஒரு காலை நேரத்தில் அமலா என்ற பெண் வந்தாள். நல்லம்பள்ளிக்குப் பக்கத்து ஊர். நர்சிங் படிப்பில் சேர்ந்திருந்தாள். கூட அவள் அப்பா அந்தோணி. கிரானைட் கல் ஏற்றும் லாரியின் டிரைவர். ஹாஸ்டலுக்குப் போகிற பெண்ணுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்து, அப்படியே அழைத்து வந்திருந்தார். அவர் உள்ளே வரவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அமலா ஒரு பழைய பட்டன் போனைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். பேட்டரி உப்பிப்போய், பின்மூடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது.

“இதுல எங்கம்மா இருக்காங்கக்கா. புதுப் போனுக்கு மாத்தணும். போயிடுமோன்னு பயமா இருக்குது.”

அவள் அம்மா புஷ்பம் இவளைப் பெற்ற மாதமே காய்ச்சலில் போய்விட்டாள். இவளை வளர்த்தது அப்பாவின் அக்கா. புஷ்பத்தின் குரல் என்று உலகத்தில் மிஞ்சியிருந்தது கல்யாண சிடியில் அவள் மைக்கில் சொன்ன வாக்குறுதியும், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று வார்த்தைகளும்தான். அமலா குழந்தையாக இருந்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கம் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் ஏதோ ஒரு கடையில் படத்தோடு அதை மட்டும் வெட்டி இந்தப் போனின் கார்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கடை எப்போதோ மூடிவிட்டது.

“அழுதா அத்தை இதைப் போட்டுக் காதுல வெச்சுடுவாங்களாம். பரீச்சைக்குப் போறப்பகூடக் கேட்டுட்டுத்தான் போவேன்” என்றாள். அப்பாவைப் பற்றிக் கேட்டேன். “அவரு லாரியிலயே இருப்பாருங்க. நான் போன் பண்ணாக்கூட ரெண்டு வார்த்தை, வெச்சுடறேன் பாப்பான்னு வெச்சுடுவாரு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பையிலிருந்து அந்தக் கல்யாண சிடியையும் எடுத்து வைத்தாள். அப்பாவின் பெட்டியில் கிடந்ததாம். ஓட்டிப் பார்க்க வீட்டில் எதுவும் இல்லையாம். மூலம் இருக்கும்போது நகலைத் தொடாதே என்பது பாயின் சட்டம். சிடியைப் போட்டேன். நல்லவேளை, கீறல் இல்லை. வாக்குறுதிப் பகுதியை வெட்டி, சிடியின் கணக்குப்படியே நாற்பத்து நாலாயிரத்து நூறில் வைத்து, புதுப் போனில் ஏற்றி அமலாவின் கையில் கொடுத்தேன். பாய் தன் மேஜையிலிருந்தே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முகம் முதலில் மலர்ந்தது. படம் அவ்வளவு தெளிவு. பிறகு புருவம் சுருங்கிற்று. போனைக் காதருகே கொண்டுபோனாள். நிறுத்தினாள். மறுபடி ஓட்டினாள்.

“இது எங்கம்மா இல்லீங்கக்கா.”

“என்னம்மா சொல்றே? படத்தப் பாரு.”

“படம் அம்மாதான். பேசறது வேற யாரோ.”

நான் பதில் சொல்வதற்குள் படிக்கட்டுப் பக்கம் பெஞ்சு சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. அந்தோணி வெறுங்காலோடு உள்ளே வந்து நின்றார். செருப்பு வெளியே கிடந்தது.

“யாருங்க பேசினது? இன்னொருக்காப் போடுங்க” என்றார்.

போட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “புஷ்பம்” என்றார்.

“அப்பா, இது அம்மா இல்லப்பா! நான் தெனமும் கேக்கறேன், எனக்குத் தெரியாதா?” என்றாள் அமலா. அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கு விளங்கவில்லை.

பாய் எழுந்து வந்தார். “பழைய கார்டை முதல்ல ஒரு பிரதி எடு. அப்புறம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஓட்டு.”

ஓட்டினேன். பழைய கார்டிலிருந்து வந்த குரல் மெல்லிசாக, கொஞ்சம் அவசரமாக, சின்னப் பெண் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. அதோடு இன்னொன்றும் பார்த்தேன். கடைசியில் சாமியாரின் வாய் அசைந்துகொண்டே இருக்கிறது, சத்தம் முன்னாலேயே முடிந்துவிட்டது.

“அங்க சத்தம் வராதுங்கக்கா, சின்னதுலருந்தே அப்படித்தான்” என்றாள் அமலா.

நான் பாயைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். “நாப்பத்தெட்டு” என்றார்.

எனக்கும் அதுதான் பட்டது. அந்தக் கடையில் சிடியிலிருந்து சத்தத்தைத் தனியாக உருவியிருக்கிறார்கள். அது நாற்பத்து நாலாயிரத்து நூறில் எழுதிய சத்தம். அதைக் கம்ப்யூட்டருக்கு நாற்பத்தெட்டாயிரம் என்று சொல்லிவிட்டிருக்கிறார்கள். அது வேகவேகமாகப் படித்துத் தள்ளியிருக்கிறது. ஒரு விநாடிக்குள் ஒரு விநாடிக்கு மேலான பேச்சைத் திணித்தால் பேச்சு ஓடும், குரல் மெலிந்து மேலே ஏறும். அப்படியே அதைப் போனுக்காக எண்ணாயிரத்துக்கு அடித்துக் கொடுத்துவிட்டார்கள். ரொம்ப ஏறியிருந்தால் யாராவது சிரித்துக் கண்டுபிடித்திருப்பார்கள். கொஞ்சம்தான் ஏறியது. அதுதான் கொடுமை. பாட்டுக்குப் பாட்டு ஏற்றிக்கொண்டிருந்த அவசரத்தில் யாரோ ஒருவர் ஒரு கட்டத்தைச் சரிபார்க்காமல் விட்டிருக்கிறார். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது, ஆனால் அன்றைக்குக் கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன்.

இதையெல்லாம் அமலாவுக்குப் பக்குவமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

“அப்ப இவ்வளவு நாளா நான் கேட்டது யாரு?”

“உங்கம்மாதாம்மா. கொஞ்சம் ஓட்டமாப் பேசிட்டாங்க, அவ்வளவுதான்.”

அவள் அழவில்லை. புதுப் போனை மேஜைமேல் என் பக்கமாகத் தள்ளி வைத்தாள். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து அவள் அம்மாவைப் பிடுங்கிவிட்டோமே என்று தவித்துப்போனேன்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு என்னிடம் குனிந்து, “சிடியிலருந்து மறுபடி எடு. நாப்பத்தெட்டுன்னு சொல்லி ஓட்டு. அந்தப் புள்ளை கேட்ட குரலே வரட்டும், ஆனா தெளிவா வரட்டும்” என்றார். தப்பான பிரதி ஒன்று வெளியே போனால் கடைக்குக் கேவலம் என்று என்னை எத்தனையோ முறை திரும்பச் செய்யவைத்த மனுஷர். தெரிந்தே தப்பாக அடித்தது என் வேலைக்காலத்தில் அது ஒன்றுதான். கை கூசிற்று, செய்தேன்.

அமலா கேட்டாள். குரலின் ஏற்றம் சரியாக அவள் தினமும் கேட்டதுதான். எண்ணாயிரத்தில் மங்கிப்போயிருந்த மூச்சும், வளையல் மைக்கில் இடிக்கிற சத்தமும்கூட இப்போது வந்தன. அவள் இல்லை என்று தலையை மெல்ல அசைத்தாள்.

“ரொம்பப் பக்கத்துல பேசறாங்கக்கா. எங்கம்மா தூரத்துலருந்துதான் பேசுவாங்க.”

எங்கள் இரண்டு பேருக்கும் அதற்குமேல் வித்தை இல்லை. பழைய கார்டில் இருந்த கோப்பை, ஒரு புள்ளியும் மாற்றாமல், அப்படியே புதுப் போனுக்கு நகல் எடுத்தேன். அந்த வேலைக்கு நான் வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். அதைக் கேட்டபோதுதான் அவள் மூச்சு சீரானது.

அந்தோணி இன்னும் தரையில்தான் இருந்தார். அவருடைய போனை வாங்கிச் சரியான குரலை ஏற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

“அந்தக் கார்டு வாங்கியாந்த அன்னிக்கே போட்டுக் கேட்டேனுங்க. அவ குரலாட்டம் இல்ல. போன்ல அப்படித்தான் கேக்கும்னு எங்கக்கா சொன்னாங்க. சரி, எனக்குத்தான் மறந்துபோச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். பாப்பா பெரிசானா. அவ பேசறதக் கேட்டா எனக்குத் திக்குங்கும். புஷ்பம் பேசறாப்பலயே இருக்கும். ஆனா போன்ல இருக்கறது வேற மாதிரி. அப்ப, பாப்பா குரலைக் கேட்டுக் கேட்டு அவ குரலைத் தொலைச்சுட்டேன்னு நெனச்சேனுங்க. இவ பேசப் பேச, மனசுல மிச்சம் இருக்கறதும் போயிடும்னு பயம். கட்டினவ குரல மறந்தவன் என்ன மனுசன்? அதான், வூட்டுக்கு வர்றதயே கொறைச்சுக்கிட்டேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிடியில் வாக்குறுதி சொன்ன குரலும், காலையிலிருந்து என் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த குரலும் ஒன்றுதான். அதே கனம், அதே நிதானம், சொல்லின் கடைசியில் அதே இழுப்பு. காதை வைத்துப் பிழைக்கிற நானும் கவனிக்கவில்லை, பாயும் கவனிக்கவில்லை. தன் குரல் தனக்குத் தெரியாது என்பதால் அவளும் கவனிக்கவில்லை. கவனித்தவர் அவர் ஒருவர்தான். அவரும் தன் காதையே நம்பாமல் லாரி ஏறிப் போய்விட்டார்.

அமலா அப்பாவின் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“அதுக்காகவாப்பா? லீவுல நான் வீட்டுல இருந்தாலே லோடு இருக்குதுன்னு கெளம்பிடுவீங்களே, அதுக்காகவா?”

அவர் நிமிரவில்லை.

“என்னையப் பெத்துத்தான் அம்மா செத்தாங்கன்னு உங்களுக்குக் கோவம்னு நெனச்சேன்ப்பா. என் மூஞ்சியவே பாக்கப் புடிக்கலன்னு நெனச்சேன்.”

“அய்யோ, அப்படியெல்லாம் இல்ல சாமி!” என்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கல் லாரி ஓட்டுகிற முரட்டுக் கைகள். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு எதிரே கம்ப்யூட்டர் திரை ஒரே கலங்கலாகத் தெரிந்தது.

அந்தோணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஏற்றிக் கொடுத்த போனைத் திறந்துகூடப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டார். மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“பேசு பாப்பா.”

“என்னப்பா பேசறது?”

“எதையாச்சும் பேசு. நிறுத்தாம பேசு.”

அவள் வாயைத் திறந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பேச்சு வரவில்லை. அவர் கையை விடாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.